வெற்றுத் தாளில் என் கையெழுத்தும் கர்த்தர் அனுப்பிய வக்கீலும்

அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்துதான். யாரும் திருட்டுத்தனமாகப் போட்டதல்ல. நானே என் கையால் போட்டது. ஆனால் அதற்கு மேலே எழுதியிருந்ததில் ஒரு வரிகூட நான் சொன்னதல்ல. நான் மனப்பூர்வமாக நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகுகிறேனாம். இனி நிர்வாக அறங்காவலர் எங்கள் ஆலோசகராம். எங்கள் குழந்தைகள் காப்பகம் இருக்கும் வீட்டைப் பக்கத்து பனியன் கம்பெனிக்குத் துணிக் குடோனாக நீண்ட குத்தகைக்கு விடுகிறோமாம். ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸோடு அந்தத் தீர்மானத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள். ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கையில் ராகிக் கஞ்சிக் கரண்டியோடு வாசலில் நின்று அதைப் படித்தேன்.

ஆண்டவரின் பிள்ளைகளே, என் புத்திசாலித்தனத்தைச் சொல்ல இதை எழுதவில்லை. அது என்னிடம் எவ்வளவு இருந்தது என்று இனிமேல் நீங்களே பார்ப்பீர்கள்.

பெருமாநல்லூர் பக்கம் இருக்கிறது எங்கள் காப்பகம். கம்பெனிக்குப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு, ஷிப்ட் முடிந்து வந்து தூக்கிப் போவார்கள். எங்கள் ஊர்ப் பெண்களின் பிள்ளைகளும் உண்டு, ஒடிசா, பீகார் பிள்ளைகளும் உண்டு. காப்பகம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று எனக்குத் தெரியும். லைன் வீட்டு அறையில் செல்போனைக் கையில் கொடுத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். அப்படிப் பூட்டிய அறையில் அடுப்பை இழுத்துப்போட்டுச் சுட்டுக்கொண்ட ஒரு குழந்தையைப் பார்த்த பிறகுதான் ரூத் அக்கா இதை ஆரம்பித்தார். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. குடியிருந்த வீட்டையே டிரஸ்டுக்கு எழுதிக்கொடுத்தார். அக்கா, நான், எங்கள் சபையைச் சேர்ந்த கட்டிங் மாஸ்டர் தேவராஜ், மூன்று பேரும் அறங்காவலர்கள்.

இனி ஆலோசகர். அவர் பெயரை எழுதமாட்டேன். இந்தப் பத்திரிகையின் மை அதற்கு வீண். வேறொரு சபையில் முன் வரிசையில் உட்கார்ந்து கையை எல்லோரையும்விட உயரமாகத் தூக்குகிறவர். டிரஸ்டுகளுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது ஊழியம் என்பார். பன்னிரண்டு ஏ, எண்பது ஜி என்று வருமான வரிப் பிரிவுகளை மனப்பாட வசனம் போல ஒப்பிப்பார். நாம் ஒரு கேள்வி கேட்டால், "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சிஸ்டர், நீங்க ஜெபத்துல உறுதியா இருங்க" என்பார். கேட்டதற்குப் பதில் தெரியாத மனிதர் ஜெபத்தைக் கைகாட்டினால் உஷாராக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் நெகிழ்ந்துபோனேன்.

இப்போது என் லட்சணத்தைக் கேளுங்கள். பதினெட்டு வருடம் ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவள் நான். டீ ஷர்ட்டில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் ஆறடி தூரத்தில் கண்டுபிடிப்பேன். அங்கே ஒரு பழக்கம். சரக்கு வெளியே போக டெலிவரி சலான் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சூப்பர்வைசரைத் தேடிக்கொண்டிருந்தால் வண்டி கேட்டிலேயே நிற்கும். அதனால் திங்கட்கிழமை காலையில் சலான் புத்தகத்தை வாங்கி, முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை கையெழுத்தைப் போட்டுத் தள்ளிவிடுவோம். எழுத வேண்டியதைப் பிறகு யாராவது எழுதிக்கொள்வார்கள். இதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

அதற்கு முந்தைய டிசம்பரில் டிரஸ்டின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை ஆலோசகர் கொண்டுவந்து, "ஒவ்வொரு கூட்டத்துக்கும் உங்கள எதுக்கு அலைய வைக்கோணும்?" என்றபோது, அவர் மேற்கொண்டு கேட்பதற்கு முன்பே யோசனை சொன்னது நான்தான். "மொத்தமாப் போட்டுக் குடுத்தறோமுங்க" என்றேன். ரூத் அக்கா மட்டும் கொஞ்சம் தயங்கினார். "படிக்காம போடலாமா கண்ணு?" என்று கேட்டார். "படிக்க என்ன இருக்குதுங்க்கா, வெறும் தாள்தானே" என்று சிரித்தேன். மூன்று பேரும் போட்டோம். அவர் புத்தகத்தை எடுத்துப் போனார். அதோடு அதுவும் திரும்பி வரவில்லை, அவரும் காப்பகத்துப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

நோட்டீஸ் வந்ததும் போன் செய்தேன். "கமிட்டி முடிவு சிஸ்டர், கர்த்தருடைய சித்தம்" என்றார். நான் பதிலுக்குத் திட்டினேன். எங்கள் ஊர் வாய்க்குத் திட்டும்போதும் 'ங்க' போடாமல் வராது. "நீங்க திருடனுங்க" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

பிறகு ஜெபித்தேன். மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், அவர்கள் நடுவே பாயில் முழங்காலிட்டு, அவர் ஓட்டும் காரை எங்கேயாவது கவிழ்த்துவிடும்படி ஆண்டவரிடம் மன்றாடினேன். கூச்சமில்லாமல், கார் நம்பரையும் சொல்லி மன்றாடினேன். கார் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

சபையில் ஆறுதல் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. விசுவாசி மேல் விசுவாசி வழக்குப் போடலாமா என்று முகத்தைச் சுளித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் வாய்க்கால் தகராறுக்காகச் சொந்தத் தம்பியைப் பத்து வருடமாகக் கோர்ட்டுக்கு இழுக்கிறவர். தேவராஜ் வேறு வழி சொன்னார். "அது என்ற கையெழுத்தே இல்லீன்னு சொல்லிப்போடலாமுங்க. மூணு பேருதும் கள்ளக் கையெழுத்துன்னு சொன்னா முடிஞ்சுதுங்களே." பொய்தான். ஆனால் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெறும் தாளில் கையெழுத்துப் போட்ட முட்டாள் என்று ஊர் சிரிப்பதைவிட ஏமாற்றப்பட்டவள் என்று இரக்கப்படுவது நல்லதல்லவா? அதற்கும் ஜெபித்துக்கொண்டேன். பொய் பலிக்க வேண்டும் என்று ஜெபித்த விசுவாசி நான்.

அவிநாசியில் இலவசமாகச் சட்ட உதவி செய்யும் இடம் இருக்கிறது என்று யாரோ சொல்லி அங்கே போனேன். ஒரு விசுவாச வக்கீலைத் தரும்படி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவள் கோமதி. முப்பது வயதுகூட இருக்காது. நெற்றி நிறைய விபூதி, மேஜையில் பாதி தின்ற போண்டா. கர்த்தாவே, உமக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று மனதுக்குள் கேட்டேன்.

அவள் என் புலம்பலைக் கேட்கவில்லை. டிரஸ்ட் பத்திரத்தை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தாள். முக்கால் மணி நேரம். விரலில் எண்ணெய் ஒட்டாமல் துடைத்துத் துடைத்துப் பக்கம் புரட்டினாள். பிறகு தீர்மான நகலைப் படித்தாள். பிறகு மறுபடியும் பத்திரத்தை.

"ஏனுங்க்கா, இந்தப் பத்திரத்த நீங்க எப்ப கடைசியாப் படிச்சீங்க?"

"படிச்சதில்லீங்க."

"ஆலோசகர் வாசிச்சுக் காட்டுனாருங்களா?"

"இல்லீங்க."

"வீட்டக் குத்தகைக்கு உடறதுன்னா மூணு பேரும் நேருல உக்காந்து, ஒரே மனசா முடிவு பண்ணோணும்னு பத்திரத்துல போட்டிருக்குதுங்க. யாரோ ரூத்துங்கறவங்க புண்ணியத்துல நல்லா எழுதிருக்கறாங்க. அவங்கள நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

"அவங்க கல்லறைத் தோட்டத்துல இருக்கறாங்க" என்றேன்.

"எப்பருந்துங்க்கா?"

"பிப்ரவரியிலிருந்து."

கோமதி தீர்மான நகலை என் பக்கம் திருப்பி, தேதியின் மேல் விரலை வைத்தாள். ஜூன் மாதம். மூவரும் நேரில் கூடினோம் என்று எழுதியிருந்தது. கீழே ரூத் அக்காவின் கையெழுத்து.

அந்தத் தாளை அதுவரை எத்தனை முறை பார்த்திருப்பேன்! என் கையெழுத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். என் மானம், என் அவமானம். இந்தப் பிள்ளைகளுக்காக வீட்டையே கொடுத்தவளின் பெயர் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அங்கேயே அழுதேன்.

ஆலோசகருக்கு அக்கா இறந்தது தெரியாது. அடக்கத்தன்று அவருக்கும் சொல்லச் சொல்லி தேவராஜிடம் சொல்லியிருந்தேன், அவர் மறந்துவிட்டார். கோமதி எங்களையும் விடவில்லை. "ஒரு அறங்காவலர் இறந்தா, கூட்டம் போட்டு, அதக் குறிப்புல எழுதி, வேற ஆள நியமிக்கோணும். நீங்க அதையும் செய்யலீங்க. உங்க சோம்பேறித்தனத்துலதான் அவன் மாட்டறான், பெருமப்படாதீங்க" என்றாள். என்னை இப்படிப் பேச இவள் யார் என்று கோபம் வந்தது. அவள் சொன்னதெல்லாம் உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

அப்போதுதான் கள்ளக் கையெழுத்து யோசனையைச் சொன்னேன். அவள் பத்திரத்தை மூடி என்னிடமே நீட்டிவிட்டாள். "அது உங்க கையெழுத்துதானுங்க்கா. பொய் சொல்றதுன்னா வேற வக்கீலப் பாருங்க. வெறுந்தாள்ல போட்டேன்னு உள்ளதச் சொல்றதுன்னா நான் வாறனுங்க."

அடுத்த மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தாய்மாரிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் பிள்ளையை என் இடுப்புக்கு மாற்றிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்று அவர்கள் ஓடும்போது என்னால் முகம் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் மதியம் ஜெபம் மாறியது. காரைக் கவிழ்க்கச் சொல்லவில்லை. ஆலோசகரைப் பற்றியே பேசவில்லை. "ஆண்டவரே, நான் முட்டாள்தான் என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வாயைக் கொடும்" என்று மட்டும் கேட்டேன். கேட்டு முடித்ததும் பசித்தது. பிள்ளைகளுக்கு ஆக்கிய பருப்புச் சோற்றைத் தட்டு நிறையத் தின்றேன்.

உள்ளதையே சொல்கிறேன் என்று கோமதியிடம் சொன்னேன். வழக்குக்கு முன் சமரசம் பேச, சட்ட உதவி மையத்திலிருந்து இரண்டு தரப்பையும் அழைத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரித்தார். ஆலோசகர் வெள்ளைச் சட்டையில், கனத்த பைலோடு வந்திருந்தார். அந்த பைல் நிறைய என் பழைய கையெழுத்துகள். நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்து ஒப்பிட்டுக் காட்டத் தயாராக வந்திருந்தார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"என்றதுதானுங்க. வெறுந்தாள்ல போட்டுக் குடுத்தனுங்க. கம்பெனியில சலான்ல போடற மாதிரி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தேவராஜ் தலையைக் குனிந்துகொண்டார். நான் சாகவில்லை. ஆலோசகரின் பைல் அவர் மடியிலேயே இருந்தது.

"சிஸ்டர் மறந்துட்டாங்க சார்" என்றார் அவர், இரக்கமான குரலில். "முறையா கூட்டம் நடந்துது."

"மூணு பேரும் வந்தாங்களா?" என்றார் நீதிபதி.

"வந்தாங்க சார். ரூத்தம்மாவுக்குத்தான் ரொம்ப சந்தோஷம். டீ குடிச்சாங்க. கடைசி ஜெபமே அவங்கதான் பண்ணாங்க."

கோமதி எழுந்து, இறப்புச் சான்றிதழை மேஜைமேல் வைத்தாள். நீதிபதி தேதியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"டீ குடிச்சாங்களா?" என்று கேட்டார்.

ஆலோசகருக்கு அன்று ஒரு சட்டப் பிரிவும் ஞாபகம் வரவில்லை. தீர்மானம் செல்லாது என்று எழுதிக்கொடுத்து, குறிப்புப் புத்தகத்தை அதே வாரத்தில் திருப்பித் தந்தார். பக்கத்துக் கம்பெனிக்காரர் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று ஒதுங்கிக்கொண்டார். போலீஸில் கொடுத்த புகார் தனியாக நடக்கிறது. ஆலோசகரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தச் சாட்சி இன்னும் அழகாக இருக்கும். மன்னிக்கவில்லை. அதற்காகவும் ஜெபிக்கிறேன், கொஞ்சம் மெதுவாக.

மிச்சமிருந்த வெற்றுத் தாள்களையெல்லாம் கோமதி குறுக்கே கோடு போட்டு ரத்து செய்ய வைத்தாள். இப்போது கூட்டம் என்றால் ஏழு நாள் முன்பே எழுத்தில் தகவல் போகிறது. பேசியதை எழுதி, உரக்க வாசித்து, பிறகுதான் கையெழுத்து. டிரஸ்ட் பத்திரத்தை வருடத்துக்கு ஒரு முறை முழுதாகப் படிக்கிறோம். தேவராஜ் கொட்டாவி விடுகிறார், விடட்டும்.

சபைகளிலும் காப்பகங்களிலும் பொறுப்பில் இருக்கும் சகோதர சகோதரிகளே, ஆண்டவரை முழுதாக நம்புங்கள். உங்களைப் படிக்க வேண்டாம் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். ஆண்டவர் உதவி அனுப்புவார். அந்த உதவி உங்களுக்குப் பிடித்த முகத்தோடு வர வேண்டும் என்று கேட்காதீர்கள். உண்மையைச் சொல்ல வாயைக் கேளுங்கள், அதை அவர் மறுக்கமாட்டார். என் போன்றவளுக்கே மறுக்கவில்லை.

காலி செய்யச் சொன்ன கெடு ஒரு வியாழக்கிழமை முடிந்தது. அன்று வழக்கம்போல ஏழரைக்குக் கேட்டைத் திறந்தேன். ஒடிசாப் பெண் ஒருத்தி பிள்ளையை என்னிடம் கொடுத்து, பால் பாட்டிலைத் திணித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடினாள். என்ன நடக்க இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளை என் தோளில் எச்சில் வடித்துக்கொண்டு தூங்கியது. கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.