ஜெகதீஷ் தேர்ந்தெடுத்த தட்டு

பிளாஸ்டிக்கைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பியவர் ஜெகதீஷ். நம்பியதோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் அவர் கொள்முதல் மேலாளர். அங்கே எந்தச் சாமானை வாங்குவது என்பதில் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

சொந்த ஊர் பருத்திப்பட்டு. அப்பா கன்னியப்பன் பிறர் வயலில் கூலிக்கு உழைத்து, பிறகு ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்து மகனைப் படிக்க வைத்தார். வாயைத் திறப்பதற்கு முன் யோசிக்கிற மனிதர். அந்தக் குணம் பிள்ளைக்கு ஒட்டவே இல்லை. ஜெகதீஷ் டிப்ளமோ முடித்துவிட்டு, திருமழிசையில் டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் செய்கிற கம்பெனியில் பல வருடம் இருந்தார். அங்கே அவர் கற்றது ஒரே ஒரு வித்தை. கையில் எந்தப் பிளாஸ்டிக் பொருளைக் கொடுத்தாலும் இரண்டு கட்டைவிரலாலும் லேசாக வளைப்பார், காதருகே வைத்துச் சுண்டுவார், கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் தீர்ப்பு. டிபன் டப்பாவுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். பரிசோதனைக் கூடத்தின் முதலாளி இராமகிருஷ்ணன் அந்தக் கூத்தைப் பார்த்து மயங்கி, இவரைப் பெரிய சம்பளத்துக்கு அழைத்து வந்தார். முதலாளிகள் ஏமாறுவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் தேவைப்படுவதில்லை.

அந்தக் கூடத்துக்கு வருகிற ரத்தத்தில் பாதி கர்ப்பிணிகளுடையது. பரம்பரை நோய் ஏதும் குழந்தைக்கு இறங்குமா என்று பார்ப்பார்கள். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மரபணுவை, உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னக் குழிகளில், ஒரு குழிக்கு ஒருவர் என்று விடுவார்கள். மேலே ஒரு மெல்லிய தாளை ஒட்டி மூடி, தட்டைக் கொதிக்கும் சூட்டுக்கு ஏற்றி ஏற்றி இறக்குவார்கள். முன்பு இதையெல்லாம் ஆட்கள் கையால் செய்தார்கள். வேலை பெருகியதும் ஒரு ரோபோ வந்தது. தட்டைத் தூக்குவது, நிரப்புவது, சூட்டில் வைப்பது, எடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. மனிதக் கை என்றால் தட்டு கொஞ்சம் கோணினாலும் அனுசரித்துப் பிடிக்கும். இயந்திரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. அதனால் ரோபோவுக்கு எந்தத் தட்டு என்பது சின்ன விஷயமில்லை.

இரண்டு மாதிரிகள் வந்தன. ஒன்று கெட்டியான சட்டம் போட்டது, பார்க்க மங்கல். இன்னொன்று ராகேஷ் என்ற விற்பனையாளர் கொண்டு வந்தது. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு.

பரிசோதனைப் பிரிவின் பொறுப்பில் இருந்த மதிவதனி, காரைக்குடியிலிருந்து வந்தவள், சொன்னாள்: "சார், ரெண்டையும் ஒரு நாள் மெஷின்ல போட்டுச் சூடு பண்ணிப் பாத்துருவோம். எடுத்து மேசையில வச்சா மட்டமா நிக்குதா, கோணுதான்னு தெரிஞ்சிரும்."

"தோ பாரு மதி, நான் எவ்ளோ வருசமா பிளாஸ்டிக்லயே ஊறிக்கினு கீறேன். எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றார் ஜெகதீஷ்.

பளபளப்பான தட்டை வளைத்தார், சுண்டினார், கண்ணை மூடினார். "சார் கையில பட்டாலே போதும், வேற டெஸ்டே வேணாம்" என்றார் ராகேஷ். தட்டின் விளிம்பைக் கம்பெனியின் பச்சை நிறத்திலேயே செய்து தருவதாகவும் சொன்னார். அங்கேயே முடிந்தது விஷயம். ஜெகதீஷ் லஞ்சம் வாங்கவில்லை. ராகேஷ் வாங்கித் தந்த காபியைக்கூடத் தொடவில்லை. லஞ்சம் வாங்கியிருந்தால் ஒரு திருடன் என்ற அளவிலாவது அவரைப் புரிந்துகொள்ளலாம். இந்த ஆள் விலைபோனது ஒரு முகஸ்துதிக்கும் பச்சை விளிம்புக்கும்.

இது கோளாறில்தான் முடியும் என்று மதிவதனிக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் வாங்கின வீட்டுக்கு மாதத் தவணை ஓடிக்கொண்டிருந்ததால் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

சூடு பட்ட பச்சைத் தட்டுகள் அப்பளம் போல மூலை தூக்கின. ரோபோவின் விரல்கள் வழுக்கின. சில தட்டுகள் கவிழ்ந்தன; சிலவற்றில் மேல் தாள் பிரிந்து, ஒரு குழியிலிருந்தது பக்கத்துக் குழியில் கலந்தது. முதலில் ஏசி சரியில்லை என்றார் ஜெகதீஷ். பிறகு ரோபோவே சரியில்லை என்றார். அப்புறம் மதிவதனியின் ஆட்களுக்குத் தாள் ஒட்டத் தெரியவில்லை என்றார். கடைசியில் ஒரு கடப்பாக்கல் துண்டைக் கொண்டுவந்து, சூட்டிலிருந்து எடுத்த தட்டின் மேல் வைத்து அழுத்தி நிமிர்த்தச் சொன்னார். ஆள் வேண்டாம் என்று வாங்கிய இயந்திரத்தின் பக்கத்தில், கல்லும் கையுமாக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

கெட்டுப்போன சோதனைக்கெல்லாம் மறுபடி ரத்தம் கேட்டார்கள். வானகரத்தில் இருந்த ராணியிடமும் அப்படித்தான் கேட்டார்கள். அவளுடைய அக்கா குழந்தைக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும், பரம்பரை நோய். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து உண்டாகியிருக்கும்போது, தனக்கும் அந்தக் குறை இருக்குமோ என்று பயந்து, அவளும் லோடு வண்டி ஓட்டும் கணவன் தங்கவேலும் ரத்தம் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் முறையும் முடிவு வராமல் திரும்பக் கேட்டபோது, அவள் நேரே அம்பத்தூருக்கே வந்துவிட்டாள்.

வரவேற்பறைக்கு வந்தது ஜெகதீஷ். தட்டைப் பற்றி வெளியே பேச்சு போய்விடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

"உங்க சாம்பிள்ல குவாலிட்டி சரியில்லம்மா. அதான் ரிசல்ட் வரல."

"சாம்பிள்னா இன்னா சார்? என் ரத்தமா?"

"ஆமா. அது சரியில்ல."

ஒரு கர்ப்பிணியைப் பார்த்து, கண் சிமிட்டாமல் சொன்னார்.

ராணி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள். மாமியார் வேம்புலியம்மாளுக்கு இதுபோன்ற சமயம் வாய்ப்பது அபூர்வம். "அப்பவே சொன்னேன், அந்த ஊட்டு ரத்தமே சரியில்லன்னு. எங்க வம்சத்துல இதெல்லாம் உண்டா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். ராணி சாப்பிடவில்லை. பிள்ளை வேண்டாம், கலைத்துவிடலாம் என்று தங்கவேலிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

தங்கவேல் கூடத்துக்குப் போன் செய்து, பொறுப்பில் இருப்பவரிடம் பேச வேண்டும் என்று கத்தினான். மதிவதனி எடுத்தாள். அவன் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"உங்க மனைவி ரத்தத்துல ஒரு குறையும் பாக்கலங்க. இன்னும் பாக்கவே முடியல. நாங்க வாங்குன தட்டு சூட்டுல வளைஞ்சு போச்சு. தப்பு எங்களோடது. அவங்க கிட்ட இப்பவே சொல்லுங்க."

மறுநாள் இருவரும் வந்தார்கள். ராணி ஜெகதீஷின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"ஒரு பிளாஸ்டிக் தட்டக் காப்பாத்தறதுக்கா என் ரத்தத்தக் கெட்டுப்போச்சுன்ன?"

"மேடம், அது டெக்னிக்கல் வார்த்தை. நீங்க தப்பாப் புரிஞ்சிக்கினீங்க."

"நீ ஒரு ஆளு, உனுக்கு ஒரு சேரு" என்று சொல்லிவிட்டு, மதிவதனியிடம் கையை நீட்டினாள். மூன்றாம் முறை ரத்தம் எடுத்தார்கள். முன்பு மாதிரியாக வந்த கெட்டிச் சட்டம் போட்ட தட்டில் மதிவதனி யாரையும் கேட்காமல் சோதனையை ஓட்டினாள். குறை ராணியிடம் இல்லை. தங்கவேலிடம் இருந்தது. ஒருவரிடம் மட்டும் இருந்தால் குழந்தைக்கு அந்த நோய் வராது. வேம்புலியம்மாள் அதற்குப் பிறகு வம்சத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ராணிக்குப் பெண் பிறந்தது.

இராமகிருஷ்ணன் தன் பெயர் கெடாமலிருக்க, ஜெகதீஷைச் சத்தமில்லாமல் ராஜினாமா செய்ய வைத்து, நற்சான்றும் கொடுத்து அனுப்பினார். மீதித் தட்டுகள் குப்பைக்குப் போயின.

இப்போது ஜெகதீஷ் ஆலோசகர். போன வருடம் ஆய்வகத்தாருக்கான ஒரு கருத்தரங்கில், ரோபோவுக்கு ஏற்ற தட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேசினார். வாங்குவதற்கு முன் சூடு பண்ணிப் பார்க்க வேண்டும் என்று தான் எல்லோரையும் எச்சரித்ததாகவும், யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னார். கைதட்டினார்கள். மதிவதனி பின்வரிசையில் இருந்தாள். கூட்டம் முடிந்ததும் அவரே தேடி வந்தார்.

"இன்னா மதி, எப்படிப் பேசினேன்?"

"நல்லாப் பேசுனீங்க சார். ராணியைப் பத்தித்தான் சொல்லவே இல்ல."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தார்.

"ராணியா? எந்தக் கம்பெனி?"