நான் பார்த்துத்தான் ஊதினேன்

வெயிலில் காய்ந்த கறுப்பு ரப்பருக்கு ஒரு வாசனை உண்டு. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில் வருமே, அதுதான், அதோடு கொஞ்சம் தேங்காய் எண்ணெயையும் வேர்வையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பைனாகுலரில் கண் வைக்கும் வளையங்களுக்கு அந்த வாசனை இருந்தது. அழுத்திப் பார்த்துவிட்டு எடுத்தால் இரண்டு கண்ணையும் சுற்றி வட்டமாகத் தடம் விழும், அந்தத் தடத்தோடு தெருவில் போனால் "ஏத்தா, இன்னைக்கு எந்த ஊரப் பாத்துட்டு வார?" என்று கேட்காதவர்கள் கிடையாது. பதின்மூன்று, பதினான்கு வயதில் என் முகம் அந்த வட்டங்களோடு சேர்ந்ததாகத்தான் இருந்தது.

பைனாகுலர் என்றால் பறவை பார்க்க என்று இப்போது என் வகுப்புப் பிள்ளைகள் சொல்கிறார்கள். இருக்கலாம். எங்கள் தெருவில் அதை வைத்து யாரும் ஒரு கொக்கைக்கூடப் பார்த்ததில்லை. வளைகுடாவில் வேலை பார்த்த என் தாய்மாமாவிடம் அம்மா கேட்டனுப்பியது மிக்சி. அவர் கொண்டுவந்தது பைனாகுலர். அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, எட்டாம் நாள் மொட்டைமாடியில் ஏறி நின்று, காரைக்குடி பஸ் பாலம் திரும்பிவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுப்பில் உலை வைக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அது தெருவுக்கே பொதுவாகிப் போனது. யார் புளியமரத்தில் யார் கல் எறிகிறார்கள் என்று பார்த்தார்கள். குன்றக்குடி மலையில் கூட்டம் எப்படி என்று பார்த்தார்கள். பிலோமி அக்கா, பிராந்திக் கடை வாசலில் தன் வீட்டுக்காரர் நிற்கிறாரா என்று பார்த்தாள், நின்றார். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருவதைப் பெண்ணின் சித்தி எங்கள் மாடியிலிருந்து முழுசாகப் பார்த்து, "கால் ரெண்டும் நேராத்தான் இருக்கு" என்று கீழே குரல் கொடுத்த பிறகுதான் அந்த வீட்டில் காபிக்குப் பால் காய்ச்சினார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் பைனாகுலர் வேண்டும். நாங்கள் தூரத்தில் இருந்தவர்கள்.

எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுகிறேன். ஊரின் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை, சொன்னால் இன்னமும் சண்டைக்கு வருவார்கள். கண்மாய்க்குக் கிழக்கே கரையும் மடையும் அய்யனார் கோயிலும் கீழத்தெருவும். மேற்கே, தண்ணீர் வற்றினால் முதலில் காய்ந்து போகிற உள்வாய்ப் பக்கம், மாதா கோயிலும் எங்கள் மேலத்தெருவும். கீழத்தெருக்காரர்கள் எங்களை "வேதக்காரத் தெரு" என்பார்கள். விவசாயமும் வாத்தியார் வேலையுமாக மூன்று நான்கு தலைமுறையாக அங்கேயே இருந்த குடும்பங்கள்தான் எல்லாம். ஆனாலும் கண்மாய் என்று வந்துவிட்டால் நாங்கள் கொஞ்சம் பிந்தி வந்தவர்கள்.

பங்குனியில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் ஊர் கூடி மீன் பிடிக்கும் நாள் ஒன்று வரும். அதை "கண்மாய் அழிக்கிறது" என்பார்கள். அன்று காலையில் அய்யனாருக்குப் பூசை முடித்து, ஊர்த் தலைவரான அம்பலகாரர் மடைமேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார். வெள்ளை வீசும் வரைக்கும் ஒருவர் காலும் தண்ணீரில் நனையக் கூடாது. வீசிவிட்டால் "ஊத்தா" என்கிற அடியில்லாத மூங்கில் கூடையோடு எல்லோரும் பாய்ந்துவிடலாம். கூடையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து அழுத்தி, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டு உள்ளே மாட்டிய மீனை எடுக்க வேண்டும். முந்தி இறங்கிய தெருவுக்கு மறு வருசம் கண்மாயில் இடமில்லை. அதுதான் சட்டம்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் வெள்ளை வீசுவது கீழத்தெருவின் மூக்குக்கு முன்னால். வெளுத்த வானத்துக்கு எதிரே அரை மைலுக்கு அப்பால் ஒரு வெள்ளைத் துண்டு அசைவது மேற்கே நிற்கும் யார் கண்ணுக்குத் தெரியும்? அங்கே இரைச்சல் கிளம்பிய பிறகுதான் இங்கே ஓடுவார்கள், ஓடி முழங்கால் சேற்றைத் தாண்டித் தண்ணீரைத் தொடுவதற்குள் விரால் எல்லாம் கிழக்கே கரையேறியிருக்கும். எங்களுக்குக் கெண்டைக்குஞ்சும் கெளுத்தி முள்ளும்தான் மிச்சம். அது தவக்காலம் வேறு. கறி கிடையாது, மீன்தான், தின்றது போகக் காயவைத்த கருவாடுதான் கோடை முழுக்க வீட்டுக்கு ஆகும். வருசா வருசம் என் அப்பா வெறும் கூடையோடு வந்து, "விரால் எல்லாம் கீழத்தெருப் பாசை பேசுது போல" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அதனால் பைனாகுலர் வந்த வருசம் நான் மாதா கோயில் மாடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். டிரில்லுக்கு ஊதும் விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார். அம்பலகாரரின் கை தோளுக்குப் போனதும் எனக்குத் தெரிந்தது, துண்டு விரிந்ததும் தெரிந்தது, ஊதினேன். கீழத்தெருக்காரர்கள் இறங்கிய அதே நொடியில் மேலத்தெருவும் இறங்கியது. அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு என் கை நீளத்தில் இரண்டு விரால் வந்தன. அந்தச் சந்தோசத்தை எனக்கு வேறு எதுவும் பிறகு கொடுத்ததில்லை, என் பத்தாம் வகுப்பு மார்க்கு உட்பட.

கீழத்தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. கண்ணாடி வைத்துப் பார்ப்பது முறையில்லை என்று ஆள் மேல் ஆள் வந்து சொன்னார்கள். அப்பா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "அம்பலகாரரும் கண்ணாடி போட்டுத்தானய்யா பாக்குறாக. அவுக கண்ணாடி மூக்குல நிக்கிது, எம்மக கண்ணாடி கையில நிக்கிது." அம்பலகாரரே அதைக் கேட்டுச் சிரித்ததாகத்தான் பேச்சு.

மறு வருசம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். அன்று காலையில் பூசை இழுத்துக்கொண்டே போனது. மடையையே பார்த்துக் கண் வலித்ததால் பைனாகுலரைக் கொஞ்சம் தெற்கே திருப்பினேன். கண்மாயின் தென்கிழக்கு மூலையில், கரை வளைந்து போகும் இடத்தில் சம்பங்கோரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. மடையில் நிற்பவர்களுக்கு அந்த வளைவு தெரியாது, மேற்கே இருக்கும் எனக்குத் தெரிந்தது. கோரைக்குள் நான்கு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சத்தமே இல்லாமல் ஊத்தாவை அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கரைச் சரிவில் மூன்று சாக்குகள் புடைத்துக் கிடந்தன. நான்கு பேரில் நீலக் கட்டம் போட்ட கைலியில் நின்றது ராசு அண்ணன், அம்பலகாரருக்குக் கூடப் பிறந்த தங்கச்சி மகன்.

பைனாகுலரை மடைக்குத் திருப்பினேன். அம்பலகாரர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்து, ஒரு உதறு உதறித் திரும்பவும் தோளில் போட்டுக்கொண்டார். அது வெள்ளை வீசியது இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூச்சை இழுத்துப் பிடித்து, தெரிந்தேதான், ஊதினேன். அவர்கள் இறங்கியாயிற்று, நாங்களும் இறங்குகிறோம். அவ்வளவுதான் என் கணக்கு.

மேலத்தெரு முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. கரையிலிருந்து கூச்சல், ஏச்சு. எங்கள் ஆட்களை அரட்டி வெளியே ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் அம்பலகாரர் பத்துப் பேரோடு உள்வாயைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து நின்றார். மேலத்தெரு முந்தி இறங்கிவிட்டது, அடுத்த வருசம் அதற்குக் கண்மாய் இல்லை என்று கூட வந்தவர்கள் கத்தினார்கள். எங்கள் தெருப் பெண்கள் முகத்தில் ஈயாடவில்லை. அம்பலகாரர் என்னைத்தான் கூப்பிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"நான் துண்ட உதறுனதப் பாத்துட்டு ஊதிட்ட. அப்படித்தான ஆத்தா?"

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். அப்பா என் முதுகுக்குப் பின்னால் நின்று அதைத்தான் சொல்லச் சொல்லித் தோளை அழுத்தினார்.

"இல்லய்யா. நீங்க உதறுனதும் பாத்தேன். அதுக்கு ஊதல. அந்தா, சம்புக்குள்ள நாலு பேரு முந்தியே எறங்கிட்டாக. மூணு சாக்கு கெடக்கு. அதப் பாத்துத்தான் ஊதுனேன்."

வாரைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைனாகுலரை அவரிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஒருவரிடம் கொடுத்துவிட்டு, தென்கிழக்கே பார்த்தார். நடுவில் இருக்கும் திருகை அவர் விரல் திருகிக்கொண்டே போனது, பிறகு நின்றது. பைனாகுலர் பிடித்துப் பழகியவர்களுக்கு இது தெரியும்: மங்கலாக இருக்கிற வரைக்கும் விரல் திருகும், தெளிந்தால்தான் நிற்கும். நின்ற விரலோடு அவர் வெகுநேரம் பார்த்தார். நானும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு மங்குது ஆத்தா," என்றார். "ஒண்ணும் பிடிபடல."

"ஆள அனுப்பிப் பாருங்கய்யா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா முன்னால் வந்துவிட்டார். "சின்னப் பிள்ள, தெரியாம ஊதிருச்சு. எந்தெரு சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

அம்பலகாரர் அந்தப் பேச்சுக்காகவே காத்திருந்தவர் போல உடனே தீர்ப்புச் சொன்னார். பிள்ளை தப்பாக ஊதியதற்குத் தெரு பொறுப்பாகாது. மேலத்தெருவுக்குக் கண்மாய் உண்டு. அடுத்த வருசம் முதல் வெள்ளை இரண்டு பக்கமும் வீசப்படும். ஆனால் பைனாகுலர் இனிமேல் கண்மாய்ப் பக்கம் வரக் கூடாது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள், பிறகு முறைப்படி வெள்ளை வீசி இரண்டு தெருவும் இறங்கியது. எங்கள் தெருப் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள் அல்லவா. நான் ஒருத்திதான் நின்ற இடத்தில் கண் தெரியாதவளாக ஆக்கப்பட்டேன்.

அன்று மத்தியானம் மீன் குழம்பை நான் தொடவில்லை. "ஒனக்கு என்னடி கொறஞ்சு போச்சு? தெருவுக்கு மீனு வந்துச்சுல்ல?" என்றாள் அம்மா. மறுநாள் தின்றேன், பழைய குழம்பு நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ பாத்தது நெசம்னு எனக்குத் தெரியும்மா. அத நெசமாக்கப் போனா அவுக மாமன் மருமகனுக்குள்ள வெட்டுக்குத்து, நம்ம தெருவுக்குக் கண்மாயே போயிருக்கும்" என்றார். அவர் சொன்னது அன்றைக்கே எனக்குப் புரிந்தது. இன்றைக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது. ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை. ஒரு தெருவுக்கு மீன் கிடைக்க ஒரு பிள்ளையின் கண்ணைப் பொய்யாக்க வேண்டும் என்றால், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கேட்டிருந்தால் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கண்மாயை மீன்பாசிக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். உள்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம். தென்கிழக்கு மூலையில் கோரையை அழித்துத் தார்ரோடு போட்டிருக்கிறார்கள். குத்தகைக்காரர் ஆள் வைத்து வலை இழுக்கிறார், வெள்ளை வீச யாரும் இல்லை. ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமூச்சு விடும்போது நான் விடுவதில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை வீசியது சில வருசம்தான், அந்தச் சில வருசமும் என் விசிலால் வந்தது. அதற்கு முன்னால் இருந்த வழக்கம் போனதற்கு எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது.

போன தையில் காரைக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் ராசு அண்ணன் வந்து உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்து, ஊரில் பெரிய மனிதராக இருக்கிறார். பக்கத்திலிருந்த சம்பந்தக்காரர்களிடம் என்னைக் காட்டி, "இந்த டீச்சரு யாரு தெரியுமா? சின்னப் பிள்ளையில எங்க கண்மாய்க்குத் தப்பா விசில் ஊதி ஊரையே எறக்கிவிட்ட ஆளு" என்று சொல்லி உரக்கச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். முப்பது வருசத்துக்கும் மேலாக ஊரில் என் பெயர் அதுதான்.

நான் கையை இலையிலிருந்து எடுத்தேன். "தப்பா ஊதலண்ணே. பாத்துத்தான் ஊதுனேன். சம்புக்குள்ள நாலு பேரு நின்னீக. நீங்க நீலக் கட்டம் போட்ட கைலி. கரையில மூணு சாக்கு."

சாம்பார் வாளியோடு வந்த பையன் நின்றுவிட்டான். ராசு அண்ணன் என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், அப்பளத்தை ஒடித்தார், பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

"மூணு இல்ல. நாலு சாக்கு."

நாலாவது சாக்கு என் கண்ணில் படவில்லை. தப்பு என்று எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஊர் என் பெயரில் அதை எழுதிக்கொள்ளட்டும்.