விட்டுக்கொடுக்காத ஓர் ஆட்டம்

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி, ஒரு டயர் கடையின் மாடியில் ஸ்னூக்கர் ஹால் ஒன்று இருக்கிறது. மூன்று மேசைகள், மேலே தொங்கும் நீள விளக்குகள், சுவரோரம் சில பிளாஸ்டிக் நாற்காலிகள். என் மகனைச் சேர்த்துவிடப் போய்த்தான் அந்தப் படியை முதலில் ஏறினேன். அவன் ஆடுவான், நான் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பேன். பிளஸ் டூ வந்ததும் அவன் நின்றுவிட்டான். நான் நிற்கவில்லை. காத்திருந்த நாளெல்லாம் எனக்குக் கை பரபரத்துக்கொண்டே இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. பெண்கள் அங்கே ஆடுவதில்லை. அதற்காக யாரும் என்னைத் தடுக்கவும் இல்லை. நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேராகத் தடுக்க மாட்டார்கள். ஹால் உரிமையாளர் ஒரு மேசையைத் துடைத்துக் கொடுத்து, "ஆடுங்கக்கா, தாராளமா ஆடுங்க" என்றார். விளக்கைப் போட்டார். ஃபேனை என் பக்கம் திருப்பினார். இந்த மரியாதைதான் பின்னால் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

வீட்டில்தான் வெளிப்படையாகப் பேசினார்கள். கிணத்துக்கடவில் ஒரு காதுகுத்தில் என் அண்ணன் மனைவி, அத்தனை சொந்தமும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டார்.

"ஏனுங்க, தோளுக்கு மேல வளந்த பையன வெச்சுட்டு, ஆம்பளைங்க நடுவுல குனிஞ்சு நின்னு பந்தடிக்கிறீங்களாமா?"

"குனியாம அடிக்க முடியாதுங்க நங்கையா. நீங்க வேணும்னா நின்னுட்டே அடிச்சுக் காட்டுங்க."

அவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்கு அன்று பாயசம் கூடுதலாக இனித்தது.

ஆனால் வாய்க்கு வாய் பதில் சொல்லிவிட்டால் ஆட்டம் வந்துவிடாது. பழக வேண்டும். பழகுவதென்றால் எல்லோரும் பந்தைக் குழியில் தள்ளுவது என்று நினைக்கிறார்கள். நான் தொடங்கியது குழியில் தள்ள ஒரு பந்தும் இல்லாமல். வெள்ளைப் பந்தை மட்டும் மேசையின் நடுக்கோட்டில் வைத்து நேராக அடிப்பேன். அது மேசையின் எதிர் விளிம்புச் சுவரில் பட்டு அதே கோட்டில் திரும்பி வந்து என் கோலின் நுனியைத் தொட வேண்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகினால் என் கை கோணல். முதல் மாதம் முழுவதும் என் கை கோணல்தான். பக்கத்து மேசையில் ஆடுகிறவர்கள், "அக்கா இன்னும் ஒரு பந்தைக்கூடப் பார்க்கலீங்களே" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்களில் ஒருவருக்கும் வெள்ளை நேராகத் திரும்பி வராது என்பதை நான் பார்த்து வைத்திருந்தேன்.

வீட்டிலும் விடவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்து, அதன் வாய்க்குள் கோலை விட்டு எடுப்பேன். விளிம்பில் படக் கூடாது. பட்டால் பாட்டில் உருண்டு கீழே விழும். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும், நான் பாட்டிலைப் பொறுக்கி மறுபடி வைத்துக்கொண்டிருப்பேன். லேத் பட்டறையிலிருந்து பசியோடு வந்த என் கணவர் ஒரு நாள் வாசலிலேயே நின்று பார்த்தார். "அம்மிணி, அந்த பாட்டில் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டுத் தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். தடுக்கவில்லை, ஊக்கப்படுத்தவும் இல்லை. அது போதும் எனக்கு.

நானாக இன்னும் சில சட்டங்கள் வைத்துக்கொண்டேன். எந்தப் பந்து பிடிக்காதோ அதைத்தான் முதலில் அடிக்க வேண்டும். நன்றாக வருவதையே திரும்பத் திரும்ப அடித்து மனதைக் குளிரவைத்துக்கொள்வது பயிற்சி இல்லை, கொஞ்சல். எங்கே அடிப்பது என்பதை நின்றுகொண்டு முடிவு செய்ய வேண்டும். குனிந்த பிறகு மனம் மாறினால் எழுந்து நின்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடித்து முடித்தும் தலையைத் தூக்கக் கூடாது. பந்து விழுந்ததா என்று பார்க்கிற ஆசையில் தலை தூக்கினால் அது விழாது. துப்பட்டா பந்தைத் தொட்டால் ஃபவுல் என்பதால், துப்பட்டாவைப் படிக்குக் கீழே ஸ்கூட்டரிலேயே வைத்துவிட்டு மேலே ஏறினேன். அதுவும் கிணத்துக்கடவு வரை போய்ச் சேர்ந்தது.

என்னோடு வழக்கமாக ஆடியவர் ஒரு பாய். டவுன்ஹால் பக்கம் பூட்டு, தாழ்ப்பாள் விற்கிற கடை வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது சிறியவர், அமைதியான மனிதர், அந்த ஹாலிலேயே நல்ல ஆட்டக்காரர். முதலில் அவரிடம் தோற்றேன். பிறகு கொஞ்சம் நெருங்கினேன். பிறகு ஜெயிக்க ஆரம்பித்தேன். ஒரு வருடம் ஜெயிப்பதே வாடிக்கையாக இருந்தது. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் வெட்கம். சமையலறையில் தனியாகப் பாடினேன். பாட்டிலுக்கு நன்றி சொன்னேன். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்ட மகனுக்கு ஃபோன் போட்டு ஸ்கோர் சொன்னேன்.

ஒரு நாள் பாயை ஜெயித்துவிட்டுக் கீழே இறங்கினேன். ஸ்கூட்டரைக் கிளப்பும்போதுதான் ஹெல்மெட்டை மேலேயே விட்டது நினைவுக்கு வந்தது. திரும்ப ஏறினேன். பாய் மேசையருகே நின்றிருந்தார். எனக்கு எதிராகச் சற்று முன் தவறவிட்ட அதே கறுப்புப் பந்தை அதே இடத்தில் வைத்திருந்தார். இடக்கையில் டீ டம்ளர். வலக்கையால் மட்டும் கோலைப் பிடித்து, சும்மா தட்டினார். கறுப்பு நேராகக் குழிக்குள் விழுந்தது.

உரிமையாளர் சிரித்தார். "அக்காவுக்கு எதிரா மட்டும் எப்படிங்க தப்புது?"

"அவங்க ஊட்டுல சண்டை போட்டுட்டு வந்து ஆடறாங்க. தோத்தா மூஞ்சி வாடிப்போயிருதுங்க. பாவம், நமக்கென்ன கொறஞ்சுபோச்சு?"

ஹெல்மெட் வாசலோரம் நாற்காலியில் இருந்தது. சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாய் என்னைக் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். பாவம் என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வழியெல்லாம் அழுதேன், ஹெல்மெட்டுக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் நான் ஆடியது ஆட்டமே இல்லை. என் கை நேரா கோணலா என்று சொல்ல உலகத்தில் ஓர் ஆள் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்: நான் ஆடுகிறவளா இல்லையா?

அதன் பிறகு யாரோடும் ஆடவில்லை. காலையில் ஹால் திறந்ததும் போய் மேசையோடு மட்டும் ஆடினேன். மேசைக்கு மரியாதை தெரியாது. பந்து தப்பினால் தப்பியதுதான். பழைய பயிற்சிகளையே கோபத்தோடு செய்தேன். கோபம் பயிற்சிக்கு ஆகாது என்று கைப்பேசியில் அறிவுரை சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு ஆனது. காலையில் எழுப்பிவிட அதைவிட நல்ல அலாரம் கிடைக்கவில்லை.

ஆடி மாதம் முடிந்ததும் ஹாலுக்குள்ளேயே ஒரு போட்டி வைத்தார்கள். உரிமையாளர் எனக்குக் கொஞ்சம் பாயிண்ட் முன்கூட்டியே போட்டுக் கரும்பலகையில் எழுதியிருந்தார். நானே போய் அழித்தேன்.

"இல்லீங்கக்கா, லேடீஸுக்கு ஒரு இதுக்கு..."

"எந்த இதுவும் வேண்டாமுங்க. சைபர்ல ஆரம்பிங்க."

முதல் சுற்றே பாயோடு வந்தது. நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு சுலபமான சிவப்பைத் தவறவிட்டார். அது குழியின் வாயில் வந்து உட்கார்ந்தது, ஊதினால் விழும். அவர் தன் நாற்காலிக்குப் போய் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அந்தச் சிவப்பைப் போடவில்லை. வெள்ளையை எதிலும் படாமல் வெறும் சுவரில் தட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

"ஃபவுலுங்க. பாய்க்கு நாலு எழுதுங்க."

உரிமையாளர் சாக்பீஸோடு நின்றார். "ஏனுங்கக்கா, கை தவறிப்போச்சுங்களா? இன்னொருக்கா அடிச்சுக்குங்களே."

"கை தவறலீங்க. வேணும்னுதான் பண்ணுனேன். பாய், நீங்க இனிமேல் ஒரு பந்து விட்டுக்குடுத்தீங்கன்னாலும் நான் இதையேதான் பண்ணுவேன். அந்தக் கறுப்பை ஒத்தக் கையில போட்டீங்களே, நான் பார்த்துட்டுத்தான் போனேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து வந்தார். கோலுக்குச் சாக் தடவினார். குழி வாயிலிருந்த சிவப்பைப் போட்டார், கறுப்பைப் போட்டார், இன்னொரு சிவப்பைப் போட்டார். ஒரு வருடமாக என் எதிரில் ஆடிய மனிதர் இவர் இல்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்காகத்தானே காத்திருந்தேன்!

சிவப்புகள் தீர்ந்து, நீலம், பிங்க், கறுப்பு மட்டும் மிஞ்சியபோது அவர் எனக்கு ஸ்னூக்கர் வைத்தார். அதாவது, நான் அடிக்க வேண்டிய நீலத்துக்கு நேர்வழி இல்லாதபடி வெள்ளையைக் கொண்டுபோய்க் கறுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அதுவரை யாரும் எனக்கு ஸ்னூக்கர் வைத்ததில்லை. பெண்பிள்ளைக்கு வைக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்கள் போல. நாற்காலியிலிருந்து ஒருவர், "ஏனுங்க பாய், ஒரு பொம்பளைகிட்டப் போயி இப்படியா?" என்றார்.

"நீங்க வாயை மூடிட்டு ஆட்டத்தைப் பாருங்க" என்றேன்.

சுவரில் அடித்துத் திருப்பிப் பார்த்தேன். நீலத்தில் படவில்லை. பந்துகளைப் பழைய இடத்திலேயே வைத்து என்னை மறுபடி அடிக்கச் சொல்வது அவர் உரிமை. "மறுபடி வைங்க" என்றார் பாய், என்னைப் பார்க்காமல். மறுபடியும் தவறியது. மறுபடியும் வைக்கச் சொன்னார். மூன்றாவது தடவை வெள்ளை இரண்டு சுவரில் பட்டு வந்து நீலத்தை உரசியது. நீலம் நகர்ந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

பாய் மேசையைச் சுற்றி வந்தார். குனிந்தார், எழுந்தார், இன்னொரு பக்கம் போய்ப் பார்த்தார். என் அடி அவரை யோசிக்க வைத்துவிட்டது. அடித்தார், தவறியது. அது விட்டுக்கொடுத்த தவறு இல்லை. அவர் வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டது எனக்குக் கேட்டது. நீலத்தைப் போட்டேன். பிங்க்கைப் போட்டேன். கறுப்பைப் போட்டவருக்கு ஆட்டம் என்று நின்றது.

நின்று முடிவு செய்து, குனிந்து அடித்தேன். கோல் நேராகத்தான் போனது. ஆனால் பந்து விழுகிறதா என்று பார்க்கத் தலையைத் தூக்கிவிட்டேன். கறுப்பு குழியின் இரு பக்க விளிம்பிலும் முட்டி வெளியே வந்து நின்றது. பாய் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. இரண்டு கையாலும் கோலைப் பிடித்து, நிதானமாகப் போட்டார். கை கொடுத்தார். கை ஈரமாக இருந்தது. அவருக்கும் வியர்த்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னாச்சு என்று கேட்டார்.

"தோத்துப்போட்டனுங்க."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. டிவி சத்தத்தைக் குறைத்தார். "சரி, உடு அம்மிணி. வெளிய யாருகிட்டயும் சொல்லிக்க வேண்டாம்."

"ஏன் சொல்லக்கூடாது? எல்லாருகிட்டயும் சொல்லுங்க. ஒரு வருஷமா ஜெயிச்சேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சனே, அதை நெனச்சாத்தானுங்க எனக்குக் கூசுது. இதைச் சொல்லிக்கிறதுக்கு என்ன?"