வடக்கு யன்னலை மூடிய கனகலிங்கம்

நுணாவிலில் எங்கள் ஒழுங்கைக்கு விடிவது சேவலால் அல்ல, கனகலிங்கத்தின் வானால்தான். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் முதற் பங்கு எனக்கு. சாவகச்சேரிப் பக்கத்து ஆசிரியர்களைக் கிளிநொச்சிப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குவது அவருடைய தொழில். பள்ளிக்கூடம் தொடங்குமுன் அவர்கள் போய்க் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆகவே அந்த வான் ஏ-ஒன்பது வீதியில் ஓடாது, பறக்கும்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அது நல்ல பிள்ளையாக இருக்கும். அது புகைப் பரிசோதனை நாள். முதல் நாளே வாகனம் திருத்தும் கராச்சுக்குக் கொண்டுபோய் டீசல் பம்பைக் குறைத்துவிடுவார். புகை அடங்கும், இழுவையும் போய்விடும். பரிசோதனையில் சித்தியடைந்ததும் நேரே கராச்சுக்குப் போய்ப் பம்பைப் பழையபடி கூட்டிவிடுவார். எனக்குத் தெரிந்த வான்காரர் எல்லாரும் செய்கிற வேலைதான். பள்ளிக்கூடப் படப்பிடிப்புக்குத் தலை வாரி இழுத்துவிட்ட பிள்ளை மாதிரி, அந்தப் படம் மட்டும் வடிவாக இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சான்றிதழை மனுஷன் உண்மையாகவே நம்பினார். "என்ரை வான் பாஸ் பண்ணின வான், தம்பி" என்பார்.

வான் நிற்பது குசினியோடு ஒட்டிய தகரக் கொட்டகைக்குள். மூக்கு ஒழுங்கைப் படலைப் பக்கம், பின்பக்கம் குசினி யன்னலடியில். ஓட வேண்டி வந்தால் திருப்பிக்கொண்டு நிற்கக் கூடாது என்று இடம்பெயர்ந்த காலத்தில் பிடித்த பழக்கம் அது. சண்டை முடிந்து எவ்வளவோ காலம், வான் இன்னும் ஓட ஆயத்தமாகவே நின்றது. விடிய எழும்பி முதலில் அதை ஸ்ராட் பண்ணுவார். அது சூடாகட்டும் என்று விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போவார். குளித்து, திருநீறு பூசி, சுவாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி முடியும்வரை வான் இரைந்துகொண்டே நிற்கும். அவ்வளவு நேரமும் அவருடைய மனைவி கமலாவதி குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பார். கடைசியில் அந்த யன்னலால் தேத்தண்ணியை நீட்டுவார். வாங்கிக் குடித்துவிட்டு இவர் புறப்படுவார்.

கமலாவதிக்கு இழுப்பு வருத்தம். மார்கழி, தையில் மூச்சு விடவே படாத பாடு படுவார். அந்த மாதங்களில்தான் ஊரெல்லாம் பனி மாதிரி ஒரு மங்கல் விழுந்தது. கடலுக்கு அப்பாலிருந்து காற்று புகையைக் கொண்டுவருகிறது, முகக்கவசம் போடுங்கள் என்று வானொலியில் சொன்னார்கள். கனகலிங்கம் அன்றைக்கே வடக்குப் பக்க யன்னலை இறுக்கி மூடினார். இடுக்கால் வந்துவிடுமாம் என்று தன்னுடைய வெள்ளை வேட்டியொன்றை நனைத்து அதன்மேல் கட்டினார். பின்னேரத்தில் வந்ததும் திரும்ப நனைப்பார். மனைவியில் அவருக்கு அவ்வளவு பாசம், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஒருநாள் மதிலுக்கு இந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது கமலாவதியின் குரல் கேட்டது.

"இஞ்சேருங்கோ, வானை ஒழுங்கையிலை விட்டு ஸ்ராட் பண்ணினால் என்ன?"

"அது பாஸ் பண்ணின வானெல்லே. நீர் அந்த வடக்கு யன்னலைத் திறக்காமல் இரும், காணும்."

அதற்குப் பிறகு கமலாவதி அதைப்பற்றிக் கதைத்து நான் கேட்கவில்லை.

வருத்தம் கடுமையானபோது நானும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். "வீட்டிலை புகை ஏதும் இருக்கோ?" என்று டொக்டர் கேட்டார். கமலாவதி வாய் திறக்குமுன் கனகலிங்கம் முந்திக்கொண்டார்.

"இல்லை டொக்டர், காஸ் அடுப்புத்தான். இது கடலுக்கு அங்காலையிருந்து வாற புகை."

கமலாவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

மாசியில் அவர் செத்துப்போனார். கனகலிங்கம் அழவில்லை. சனம் அதையும் கதைத்தது. எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த மறுநாளே வானை எடுத்தார், அதையும் கதைத்தது. முந்தி மாதிரியே ஸ்ராட் பண்ணினார், குளித்தார், திருநீறு பூசினார். தேத்தண்ணி வருகிற யன்னலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறிப் போனார். ஒவ்வொரு நாளும் அப்படியேதான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் நாள் வீடு கழுவினோம். செத்தவீட்டுக்கு வந்து தங்கியிருந்த கனகலிங்கத்தின் அக்கா நாகேஸ்வரி குசினியை எடுத்துக்கொண்டார். கனகலிங்கம் வடக்கு யன்னலில் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்தார். கொஞ்சம் புழுதி, அவ்வளவுதான். வேட்டி வெள்ளையாகவே இருந்தது.

"தம்பி, இஞ்சை ஒருக்கா வா" என்று நாகேஸ்வரி அவரைக் குசினிக்குள் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

கொட்டகைப் பக்கத்து யன்னல் கறுத்துப் போயிருந்தது. கம்பி, விளிம்பு, அதில் வைத்திருந்த சீனிப் போத்தல் எல்லாம் கறுப்பு. நாகேஸ்வரி விரலால் இழுத்துக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கோடு கரி ஒட்டியது.

"காஸ் அடுப்பிலை கரி ஏது? இது உன்ரை வான் புகையடா."

"முந்தி ஒருநாளும் இப்பிடி இருக்கேல்லையே அக்கா."

"எப்பிடி இருக்கும்? நீ போன கையோடை அவள் துடைச்சுப் போடுவாள். நான் வந்து நிக்கேக்கையெல்லாம் பாத்தனான். உனக்குத் தெரியாதே?"

"தெரியாது."

கையிலிருந்த வேட்டியால் அவர் யன்னலைத் துடைக்கத் தொடங்கினார். கறுத்த இடத்தை உள்ளே மடித்து, வெள்ளையாக இருந்த பக்கத்தால் திரும்பவும் துடைத்தார். எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று சொல்லத் தெரியவில்லை. இப்போதாவது அழுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வேட்டியில் வெள்ளை முடியும்வரை துடைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் கைகழுவப் போனார்.

அந்தியேட்டி முடிந்து நாகேஸ்வரியும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாள் வான் சத்தம் கேட்காததால் நான் பிந்தித்தான் எழும்பினேன். எட்டிப் பார்த்தால் கனகலிங்கம் தனியாக, தோளைக் கொடுத்து வானைப் படலைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கைகொடுத்தேன்.

"பற்றறி இறங்கிப் போச்சோ அண்ணை?"

"ஓம்."

மதில் முடிந்து வெறுங்காணி வரும்வரை தள்ளினோம். அவர் ஏறித் திறப்பைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வான் ஸ்ராட் ஆனது.

இப்போது ஒவ்வொரு விடியலிலும் இரண்டு பேருமாகத் தள்ளுகிறோம். பற்றறியை மாற்றினால் என்ன என்று ஆசிரியர்களும் கேட்கிறார்களாம். மாற்ற வேண்டும் என்று சொல்லிவைக்கிறார். குசினி யன்னல் சுத்தமாக இருக்கிறது. வீட்டுக்குள் யாரும் இல்லை.