வெந்நீரில் போட்ட கோட்டு

1. முதல் நாள் கையில் கொடுத்தது

ஸ்டூடியோ வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கேமராவைத் தொடப்போகிறோம் என்று இரண்டு தடவை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நின்றேன். முதலாளி என் கையில் ஒரு கோட்டைக் கொடுத்தார்.

"கேமரா பக்கம் ஒரு வருஷத்துக்கு வராத. இதான் உன் டிபார்ட்மென்ட்" என்றார்.

கறுப்புக் கம்பளிக் கோட்டு. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கி வந்தது. எழுபதுகளில் திருவண்ணாமலையில் சொந்தமாகக் கோட்டு வைத்திருந்தவர்கள் வக்கீல்களும் ஸ்டேஷன் மாஸ்டரும்தான். மற்ற எல்லோருக்கும் பொதுவாக எங்கள் ஸ்டூடியோ கோட்டு. கல்யாண மாப்பிள்ளை, வேலைக்கு மனுப் போடுகிறவர், மலை சுற்ற வந்த இடத்தில் ஆசைப்பட்டு உள்ளே நுழைகிற விவசாயி, எல்லோரும் அதற்குள் புகுந்து புறப்பட்டார்கள். ஒல்லியான ஆளென்றால் முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இறுக்குவோம். தடித்த ஆளென்றால் பட்டன் போடாமல், "ஸ்டைலா நில்லுங்க சார்" என்போம். இடுப்புக்கு மேல்தான் படம். கீழே வேட்டி இருக்கும், அரைக்கால் சட்டை இருக்கும், குளத்தில் முழுகிவிட்டு நேராக வந்த ஒருவருக்கு ஈரத்துண்டுகூட இருந்தது. படத்தில் எல்லோரும் கலெக்டர்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற நீங்கள் கோட்டைப் பார்த்துக்கொள்வதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பீர்கள். அந்த ஒரு வருஷத்தில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. விபூதி விழுந்தால் தண்ணீர் காட்டாமல் பிரஷால் தட்ட வேண்டும். நனைத்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். குங்குமத்தைத் தேய்க்கவே கூடாது. டேப்பை ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும். காலரில் தேங்காய் எண்ணெய் இறங்கியிருந்தால் முகப் பவுடரைத் தூவி வைத்துவிட்டு மறுநாள் தட்ட வேண்டும். தோள் தொங்கிப் போகாமல் இருக்க ஹேங்கரில் துண்டைச் சுற்றி மாட்ட வேண்டும். இஸ்திரி போட்டால் கோட்டின் மேல் ஈரத்துணி விரித்து, அதன் மேல்தான் பெட்டியை வைக்க வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

2. டெக்னிக்கல் ஆள்

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம், கார்த்திகை தீபம் முடிந்த வாரம். பத்து நாள் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தக் கோட்டைப் போட்டுக் கழற்றினார்கள் என்று கணக்கில்லை. ஒரு மாப்பிள்ளை போட்டுப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா இது, உள்ள யாராச்சும் குடித்தனம் இருக்காங்களா?"

முதலாளிக்கு அவமானமாகப் போய்விட்டது. கோட்டைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். "வீட்டுக்கு எடுத்துக்கினு போய் அலசிக் கொண்டா. பச்சைத் தண்ணி. சோப்புத் தூள் கம்மியா. அமுக்கி அமுக்கி எடு, முறுக்காத. துண்டுல சுருட்டி ஈரத்த எடுத்துட்டு நெழல்ல போடு. புரிஞ்சிதா?"

"புரிஞ்சிதுங்க" என்றேன். புரிந்துதான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து கோட்டை மோந்து பார்த்ததும் பச்சைத் தண்ணீரில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றினேன். என் மனைவி செல்வி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, வெந்நீரு எதுக்கு?"

"பத்து நாள் அழுக்கு. சும்மா போவுமா?"

"கம்பளிங்க அது. எங்கப்பாரு கம்பளிய ஏரித் தண்ணிலதான் அலசுவாரு."

"உங்கப்பாரு ஆட்டுக்காரரு. நான் ஸ்டூடியோல டெக்னிக்கல் ஆளு."

"ஆட்டுக்காரருக்குத்தான் கம்பளி தெரியும். டெக்னிக்கலுக்கு இன்னா தெரியும்? வெறகயாச்சும் மிச்சம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கொதிக்கிற தண்ணீரில் வாஷிங் சோடாவைப் போட்டு, கோட்டைப் போட்டு, கொம்பால் கிண்டினேன். தண்ணீர் கறுப்பானதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே எடுத்து நன்றாக முறுக்கிப் பிழிந்து வெயிலில் போட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால், கொடியில் ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கோட்டு தொங்குகிறது. துணி ஜமுக்காளம் மாதிரி தடித்திருந்தது. போட்டுப் பார்த்தேன். கை, முழங்கையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்து நின்றுகொண்டது. மேலே வருவேனா என்றது.

அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் செல்வி இன்றும் விருந்தாளிகளுக்குச் சொல்லிக் காட்டுவாள். மறுபடி நனைத்துத் தொங்கவிட்டு, ஒரு கையில் செங்கல்லைக் கட்டினேன். இன்னொரு கையில் கட்டச் செங்கல் இல்லாமல் குழவியைக் கட்டினேன். குழவி கட்டிய கை மட்டும் ஒரு விரற்கடை நீண்டது. இப்போது ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. மலையைப் பார்த்துக் கும்பிட்டு, கோட்டு ஒரு சாண் வளர்ந்தால் ஈரத்துணியோடு பதினோரு சுற்று வருவதாக வேண்டிக்கொண்டேன். மலை ஒன்றும் சொல்லவில்லை.

முதலாளியிடம், "இன்னும் ஈரமா இருக்குங்க" என்று இரண்டு நாள் சொன்னேன்.

"கோட்டாடா அது, குளமா?" என்றார்.

3. பெரியவர் கேட்ட கோட்டு

மூன்றாம் நாள் முதலாளி வந்தவாசிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். காலையில் ஏழுமலை என்ற பெரியவர் படியேறி வந்தார்.

அவரை எனக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறவர். மகன் சேகர், டவுனில் ரூம் எடுத்துத் தங்கி டைப்ரைட்டிங் படித்துக்கொண்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தவர். மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். இருபத்து மூன்று வயது. மனுவுக்காக எங்களிடம் எடுத்த படம்தான் அவர் முகம் இருக்கிற ஒரே படம். போன வாரம்தான் அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வாங்கிக்கொண்டு போனார் பெரியவர்.

"கோட்டு வாங்கத்தான் வந்தேன் தம்பி" என்றார்.

முதலாளிதான் வேவு பார்க்க ஆள் அனுப்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

"எந்தக் கோட்டுங்க?"

"எம்மவன் கோட்டு. போட்டோல போட்டுக்கினு இருக்கானே, அதான். ரூம்லேர்ந்து பொட்டி வந்துது. அதுல இல்ல. அவங்கம்மா மூணு வாட்டி பொட்டியக் கொட்டிப் பாத்துட்டா. கூடத் தங்கின பசங்க எடுத்துக்கினானுங்கன்னு ஒரே அழுக. கருமாதிப் படையல்ல புள்ளையோட கோட்ட வெக்காம சோறு தொடமாட்டேன்றா."

"அந்தப் பசங்களக் கேட்டீங்களா?"

"கேட்டேன். அவன்கிட்ட கோட்டே கெடையாது பெரியவரேன்னானுங்க. எனக்கு ஆத்திரம். ஒருத்தன் சட்டையப் புடிச்சிட்டேன் தம்பி. அப்பால வர்ற வழியிலதான் தோணுச்சு, இங்க மறந்து வெச்சிட்டானோ இன்னாவோன்னு."

இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே வரி. 'அது எல்லாருக்கும் போட்டுவிடுற கோட்டுங்க.' நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதே நேரத்தில் என் மண்டைக்குள் ஒரு கதவு திறந்தது. கெட்டுப்போன கோட்டை இவரிடம் கொடுத்துவிட்டால் தடயம் தொலைந்தது. முதலாளி கேட்டால், பிள்ளையைப் பறிகொடுத்தவர் அழுதார், கொடுத்துவிட்டேன் என்று சொல்லலாம். திட்டு வாங்க வேண்டியவன் நல்லவனாகிவிடலாம்.

"ஆமாங்க" என்றேன். "சேகர் எங்கிட்டதான் அலசக் குடுத்திருந்தாரு. வீட்டுல பத்திரமா இருக்கு."

பெரியவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீயே வந்து அவ கையில குடுத்துடு தம்பி. நாளைக்குத்தான் கருமாதி. நீ சொன்னா அவ மனசு ஆறும்."

4. கருமாதி வீடு

கோட்டை நன்றாக இஸ்திரி போட்டுத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினேன். குழவி கட்டிய கையை உள்பக்கம் மடித்துத் தைத்துச் சரிபண்ணிக் கொடுத்திருந்தாள் செல்வி. யாருக்கு என்று கேட்டாள். சொல்லவில்லை.

கூடத்தில் எங்கள் ஸ்டூடியோ படம், மாலை போட்டு. முன்னால் வாழையிலையில் சோறு, வடை, பணியாரம். பக்கத்தில் புது வேட்டி சட்டை. சேகரின் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பதினாறு நாளில் உலர்ந்துபோன உடம்பு. கோட்டை எடுத்து நீட்டியதும் இரண்டு கையாலும் வாங்கி மடியில் விரித்துக்கொண்டார்.

முதலில் தோளைத் தடவினார். பிறகு சாண் போட்டு முதுகை அளந்தார். பிறகு கோட்டுக் கையை எடுத்துத் தன் கையோடு வைத்துப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை வைத்துப் பார்த்தார்.

"இன்னாடா இது" என்றார் மெதுவாக. "எம்புள்ள இந்தளவுக்கா எளச்சிட்டான்?"

கோட்டை மார்போடு சேர்த்துக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"தீவாளிக்கு முந்தி வந்தப்போ, நல்லா சாப்புடுறேம்மான்னானே. அங்க சோறில்லாம கெடந்துட்டு எங்கிட்டப் பொய் சொல்லிட்டியாடா கண்ணு." பெரியவர் பக்கம் திரும்பினார். "யோவ், மாசாமாசம் அரிசி கொண்டுபோய்ப் போட்டேன்னியே. நெசமாவே போட்டியா நீ?"

"போட்டேன்டி" என்றார் பெரியவர். சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

எந்த எழவு வீட்டிலும் ஒரு நையாண்டியாவது எனக்கு மனசுக்குள் ஓடும். அன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். நேராக பஸ் ஸ்டாப்புக்கு ஓடத்தான் பார்த்தேன். பெரியவர் பின்னாலேயே வந்து புளியமரத்தடியில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, டவுன்ல நீ அவனப் பாத்திருக்க. நெசத்தச் சொல்லு. அவ்ளோ எளச்சா கெடந்தான்? நான் போட்ட அரிசிய அவன் துன்னானா இல்லியா?"

சொல்லிவிட்டேன். வெந்நீர், சோடா, செங்கல், குழவி எல்லாவற்றையும். கோட்டு ஸ்டூடியோவுடையது என்பதையும்.

அவர் என்னை அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் அடிக்கவில்லை.

"அப்போ அவன் எளைக்கல."

"இல்லீங்க. கோட்டுதான் எளச்சிது."

"கோட்டு அவனுது இல்ல."

"இல்லீங்க."

"அந்தப் பையன் நெசத்தத்தான் சொல்லியிருக்கான். சட்டையப் புடிச்சிட்டேனே" என்றார். பிறகு என் முழங்கையைப் பிடித்தார். "வா. வெந்நீர்ல போட்டத அவகிட்டச் சொல்லு. கோட்டு யாருதுன்றத நான் எம்மனசோட வெச்சிக்கறேன்."

திரும்பிப் போய் அந்த அம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன். "அம்மா, அது இப்படி இருந்த கோட்டு இல்லம்மா. நான்தான் கொதிக்கிற தண்ணில போட்டு சுருக்கிட்டேன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "கம்பளிய யாராச்சும் வெந்நீர்ல போடுவாங்களாடா பாவி? பொண்டாட்டி இல்ல உனக்கு? அவ சொல்லல?"

"சொன்னாம்மா. நான் கேக்கல."

"படுபாவி. எம்புள்ள ஆசையா வாங்கின கோட்ட இப்படிப் பண்ணிட்டியேடா." திட்டிக்கொண்டே போனார். சொந்தக்காரர்கள் பெரியவரை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரியவர் மூலையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

திட்டி ஓய்ந்ததும் அந்த அம்மா கோட்டுக் கையைத் தன் கை மேல் போட்டு நீட்டினார். "முந்தி எம்மாந்தூரம் இருந்துது, காட்டு."

எனக்கு சேகரை ஞாபகமே இல்லை. அவர் படம் எடுத்த மாதம் வந்து போன முகங்களில் ஒரு முகம். கை நீளமா, கட்டையா, ஒன்றும் தெரியாது.

கோட்டு முடிந்த இடத்திலிருந்து விரலைக் கீழே நகர்த்தினார். "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம்மா."

"இங்க?"

"இன்னும்மா."

மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கை ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்ததும் அவர் விரல் தானாக நின்றது. அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "ஆமா. இவ்ளோ கை அவனுக்கு" என்று அந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்றைக்கு அவர் சாப்பிட்டாரா என்று தெரியாது. நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே லென்ஸைத் துடைத்தவர் கடைசியில், "சுருங்கின அன்னிக்கே சொல்லியிருந்தா உன்ன நாலு திட்டு திட்டிட்டு வேற கோட்டு பாத்திருப்பேன். அவ்ளோதானேடா" என்றார்.

அவ்வளவுதான். இந்தத் தொழிலில் எல்லோரும் எதையாவது கெடுப்போம். நெகட்டிவைக் கீறுவோம், பிரிண்டைக் கருக்குவோம், கோட்டைச் சுருக்குவோம். கெடுத்ததை அன்றைக்கே, அதற்கு உரியவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மறைத்தால் அந்தக் குற்றம் சும்மா இருக்காது, வேறு யார் மேலாவது போய் உட்காரும். நான் மறைத்தது, மூட்டை மூட்டையாக அரிசி சுமந்துபோய்ப் போட்ட ஒரு அப்பன் மேலும், பதில் சொல்ல வர முடியாத அவர் மகன் மேலும் போய் உட்கார்ந்தது.