பலவேசத்தின் பன்னிரண்டாவது பதில்

செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார். அப்புறம்தான் கணினிக்கு முன்னால் உட்காருகிறார். "பெரியோர் நிறைந்த சபையில் தலைவணங்கி அடியேன் சொல்லிக்கொள்வது..." என்று ஆரம்பிப்பார். அடுத்த வரியிலேயே யாரோ ஒருவரின் தோலை உரிக்கத் தொடங்கிவிடுவார்.

திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிப்பவர் பலவேசம். இந்த 2007-இல் அதைவிட முக்கியமான வேலை, தமிழ் இணையக் குழுமம் ஒன்றில் கருத்துச் சொல்வது. சித்த மருத்துவம், செவ்வாய்க் கிரகம், சின்ன வெங்காயம் எல்லாவற்றிலும் கருத்து உண்டு. "எதிராளி எம்புட்டு முட்டாப்பயலா இருந்தாலும் மொத வரியில வணக்கம் வச்சிரணும். பெறகு நாம என்ன சொன்னாலும் அது நாகரிகம்தான்" என்று எனக்கு விளக்கினார். காபி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விளக்கினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

புரட்டாசியில் தன் புதிய லேபிளைக் குழுமத்தில் போட்டார். பட்டுப்பாவாடைச் சிறுமி ஒருத்தி, எரியும் புஸ்வாணத்தை உள்ளங்கையில் ஏந்திச் சிரிக்கும் படம். பாராட்டுகள் குவிந்தன. ஆமத்தூர் ரோஜா மட்டும் மறுத்து எழுதினார். பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் பெண் அவர். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் பிரவுசிங் சென்டருக்கு வருவார்.

"ஐயா, நீங்க என்னையவிட விவரம் தெரிஞ்சவுக. படம் அம்புட்டு அழகு. ஆனா புஸ்வாணத்தைக் கையில பிடிக்கக் கூடாதுங்கய்யா. எங்க தெருவுல ஒரு பிள்ளைக்கு உள்ளங்கை வெந்துபோச்சு. அடுத்த ஆர்டர்லயாவது தரையில வச்சிருங்க."

இதற்குப் பலவேசம் பதினொரு பதில்கள் எழுதினார். பதினொன்றிலும் தலைவணங்கினார். மூன்றாவதில் ஆதாரம் கேட்டார். ஆறாவதில் மருந்து அடைப்பது வேறு, கலை ரசனை வேறு என்றார். ஒன்பதாவதில் சகோதரி எதுவரை படித்திருக்கிறார் என்று பணிவோடு விசாரித்தார். ரோஜா ஒரே ஒரு முறைதான் திரும்ப எழுதினார்: "எல்லாம் படிச்சேன் ஐயா. படத்தை மட்டும் மாத்திருங்க."

"அவ சொல்லி நான் மாத்தணுமாக்கும்? அடுத்த சீசனுக்கும் இதே படம்தான்" என்றார் பலவேசம் என்னிடம். சொன்னபடியே பட்டாசுக் கம்பெனிக்காரரிடமும் பேசி முடித்துவிட்டார்.

தீபாவளியன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது பதில் பாதியில் நின்றது. வாசலில் நாங்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் ஆர்த்தி, ஏழு வயது, ஒரு கையில் புஸ்வாணத்தை ஏந்தி மறுகையில் எரியும் கம்பி மத்தாப்பை உயர்த்தினாள்.

"அப்பா, போட்டோ எடுங்க. நம்ம லேபிள் பிள்ள மாதிரியே நிக்கேன்ல?"

முறுக்குத் தட்டு உருண்டது. ஒரே பாய்ச்சலில் போய்ப் புஸ்வாணத்தைப் பிடுங்கினார். "ஏ கிறுக்கி! அதைப் போயி கையில வச்சா பத்தவைப்பாக?" அதைத் தரையில் வைத்து, சாயாமலிருக்கச் சுற்றிலும் மணலை அணைத்து, மகளைப் பத்தடி தள்ளி நிறுத்தினார். அவள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு உள்ளே போனார். செருப்பைக் கழற்றினார். துண்டை இடுப்பில் கட்டினார். விரல்களில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, "சகோதரியின் கருத்தைத் தலைவணங்கி" என்று நின்றிருந்த வரியில் "மறுக்கிறேன்" சேர்த்து அனுப்பினார்.