ரயிலடியிலிருந்து எத்தனை நிமிடம்

உலகக் கண்காட்சி வளாகத்தின் அலுவலகத்தில், அங்கே வந்து சேரும் வழிகளைத் துண்டுப்பிரசுரத்தில் எழுதுவது அவள் வேலை. ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம் என்று ஒன்பது வருடமாக அச்சாகிறது. யார் நடந்து பார்த்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவளே ஸ்கூட்டரில்தான் வருகிறாள். அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. இந்த வருடப் பிரசுரம் அச்சுக்குப் போகும் நாளன்று காலை, அத்தையைக் கூட்டிக்கொண்டு, ஒரு சக்கரப் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினாள்.

"கொஞ்சம் வேகமா வாங்க அத்தை."

"அஞ்சு நிமிஷம்னு எழுதினவன் காலைக் கொண்டுவந்து மாட்டிவிடு, பறந்து வர்றேன்."

மேம்பாலப் படிகளில் பெட்டியைத் தூக்கினார்கள். சிக்னலில் இரண்டு முறை நின்றார்கள். வாசலை அடைந்தபோது பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

அவள் திருத்தி எழுதியதைப் பார்த்து மேலாளர் முகம் சுளித்தார். "இதைப் போட்டா எல்லாரும் கார்ல வந்துடுவாங்கம்மா. நிறுத்த இடம் ஏது? எட்டுன்னு போடு."

"நடந்து வர்றவங்க கேட்டா, சார்?"

"வந்து சேர்ந்தப்புறம் யாரு கேக்கப்போறா?"

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தாள். "நான் கேக்கிறேன், தம்பி."

மேலாளர் அந்தப் பாதத்தைப் பார்த்தார். 'பெட்டியுடன் பத்தொன்பது நிமிடம்' என்றே அச்சுக்குப் போனது.